அக்காவின் பக்தியும் சர்க்கரை பூசிய இரும்பும்

ஜூலை 7, திங்கள்

நேற்று வள்ளி அக்காவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இனி பிரசவம் வரை இங்கேதான். அவள் வீட்டுக்காரர் குமரன் மாமா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமைதான் தலைகாட்டுவாராம்.

அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அவள் புரண்டு படுத்தால் வீட்டுக்கே தெரிகிறது. ஒரு பக்கம் அப்பாவின் தறிச் சத்தம், இன்னொரு பக்கம் வளையல் சத்தம். நடுவில் நான் பிளஸ் ஒன் விலங்கியல் படிக்க வேண்டும். சொல்லிப் பார்த்தேன்.

“உனக்காகத்தான் மெதுவா மூச்சு வுடுறேன், போதுமா?” என்றாள்.

பாயில் எனக்குக் கால்வாசி இடம். அவளுடைய வயிற்றுக்குத் தனியாக ஒரு பாய் போடலாம் என்று இருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

அம்மாவுக்குத் தறிக்கு நூல் தார் சுற்றும் வேலை இருந்ததால் அக்காவோடு நான் சுகாதார நிலையத்துக்குப் போனேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.6. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம்.

அங்கே கிரேஸ் சிஸ்டர் என்று ஒரு நர்ஸ். குரலைக் கேட்டால் ஊசியே தேவையில்லை. அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கலர் கலரா பட்டு நெய்யிற ஊர்லேர்ந்து வெள்ளை வேட்டி மாதிரி வந்து நிக்கிற?” என்றார். இரும்பு மாத்திரை இரண்டு மடங்கு. டீ குடிக்கும் நேரத்தில் போடக் கூடாது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பரிசோதனை. அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம், “நீ படிக்கிற பொண்ணு மாதிரி இருக்குற. பிரசவத்துல ரத்தம் போவும். இருக்குறதே கொஞ்சம்னா உடம்பு தாங்காது. மாத்திரையை எண்ணிக் குடு” என்றார்.

எண்ணிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. அக்கா தினமும் சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் பிரதோஷத்துக்குக் கூப்பிட்டாலே தலைவலி வரும் அவளுக்கு. “மாப்பிள்ளை வூட்டுல நல்லா பழக்கி வுட்டுருக்காங்க” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா, “ஏன், நாங்க பழக்கலியா?” என்று ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

நான் கவனித்த ஒன்று: வரதர் கோயிலுக்கு அம்மா கூப்பிட்டபோது அக்கா கால் வலி என்றாள். காமாட்சியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டபோது வெயில் என்றாள். ஏகாம்பரநாதருக்கு மட்டும் காலும் வலிக்கவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. ஏன்?

ஜூலை 12, சனி

வீட்டில் ஒரு மர்மம். சாமி அலமாரியில் இருக்கும் பித்தளைச் சம்புடத்தில் விபூதி வேகமாகக் குறைகிறது. அப்பா போன வாரம்தான் நிரப்பினார். அவர் காலையில் மூன்று விரலால் எடுப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்குக்கு இது ஒத்துவரவில்லை.

சந்தேகத்துக்குரியோர்: 1. எலி. 2. அம்மா (குத்துவிளக்கு தேய்க்க எடுத்திருக்கலாம். கேட்டேன். “சாமி விபூதில வெளக்கு தேய்ப்பாங்களா? புத்தி எங்க போச்சு உனக்கு?”).

விபூதிக்குள் ஒரு தீக்குச்சியை நட்டு, மேல் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். அறிவியல் என்றால் அளக்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

ஒரே நாளில் அரைக் குச்சி வெளியே தெரிகிறது! எலி இல்லை. எலி சம்புடத்தைத் திரும்ப மூடி வைக்காது.

ஜூலை 14, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பள்ளிவிட்டு வந்து பையை வைக்கிறேன், சாமி அலமாரிப் பக்கம் வளையல் மெல்லச் சிணுங்குகிறது. எட்டிப் பார்த்தால் அக்கா. வாய் ஓரமெல்லாம் வெள்ளை. உள்ளங்கையில் ஒரு குவியல்.

“திங்கிறியா?”

“கத்தாதடி!”

அவளால் நிறுத்த முடியவில்லையாம். மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை வருமாம், நாக்கில் ஊறுமாம். நாலாம் மாதத்திலிருந்தே இப்படித்தானாம். கோயிலுக்குப் போவதும் இதற்குத்தான். குங்குமமும் தீர்த்தமும் கொடுக்கிற கோயிலில் இவளுக்கு என்ன வேலை! இதில் அப்பா குருக்களிடம், “எங்க பொண்ணுக்கு இன்னும் கொஞ்சம் குடுங்க சாமி” என்று தாராளமாக வாங்கி, காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் விட்டாள். “மாமியார் காதுக்குப் போச்சுன்னா ஊரே சிரிக்கும். யார்கிட்டயும் சொல்லாத. உன் மேல சத்தியம்” என்று என் தலையில் கையை வைத்தாள். நூலகப் புத்தகத்தை நான் மழையில் நனைத்தபோது தான்தான் நனைத்தேன் என்று அம்மாவிடம் திட்டு வாங்கியவள் அவள். வேறென்ன செய்வேன்? சத்தியம் செய்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

மாத்திரைக் கட்டத்தில் எல்லா நாளும் டிக். தீக்குச்சிக் கோட்டிலிருந்து விபூதியும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில்தானே போய்ச் சேர்கின்றன? சந்தித்தால் என்ன ஆகும்?

யாரைக் கேட்பது? சத்தியம் செய்திருக்கிறேனே.

ஜூலை 23, புதன்

7.5.

ஏறவே இல்லை. இறங்கியிருக்குது. இன்று அம்மாவும் வந்திருந்தாள். கிரேஸ் சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “மாத்திரை போடுறியா, இல்ல கோழிக்குப் போடுறியா?”

“போடுறேன் சிஸ்டர்.”

“பின்ன ஏன் ஏறல?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“சிஸ்டர், ஒரு சந்தேகம். ஒருத்தங்க தினமும் விபூதி சாப்பிட்டா, இரும்பு மாத்திரை வேலை செய்யுமா?”

“யாரு அந்த ஒருத்தங்க?”

“யாரும் இல்ல. பாடத்துல வந்துது.”

“எந்தப் பாடத்துலடி விபூதி வருது?”

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் வளையல்கூட அசையவில்லை. சிஸ்டர் எழுந்து வந்து அக்காவிடம், “நாக்கை நீட்டு” என்றார். காலையிலேயே ஒரு சுற்று முடித்திருக்கிறாள் போல. நாக்கில் அப்படியே இருந்தது.

சிஸ்டர் திட்டவில்லை என்பதுதான் ஆச்சரியம். “ரத்தம் கம்மியானா இந்த மாதிரி ஆசை வரும்மா. ஒருத்தி செங்கல் துண்ணா, ஒருத்தி சிலேட்டுக் குச்சி. நீ கொஞ்சம் பக்தியா துண்ணுருக்குற” என்றார். அந்தச் சாம்பல், இரும்பு மாத்திரையை உடம்பில் சேர விடாதாம். டாக்டர் நரம்பு வழியாக இரும்பு ஏற்றச் சொல்லிவிட்டார், ஐந்து தடவை. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பத்தைத் தொடவில்லை என்றால் பிரசவம் இங்கே இல்லை, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம்.

பதினான்காம் தேதியே எனக்குத் தெரியும். ஒம்பது நாள். ஒம்பது நாள் நான் டிக் போட்டுக்கினே இருந்தேன். அக்காவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? பாப்பாவுக்கு? எவ்ளோ பெரிய புத்திசாலி நான். தீக்குச்சி வெச்சி அளந்தேனாம்.

ஜூலை 24, வியாழன்

அக்கா என்னிடம் பேசவில்லை. பாயில் முழு இடமும் எனக்கே. தூக்கம்தான் வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்றும் பேசவில்லை. “அந்த வக்கீலம்மாவை உப்பு எடுத்தாரச் சொல்லு” என்று அம்மாவிடம் சொன்னாள். நான் சொல்லவில்லையாம், கேட்டேனாம். சத்தியத்தில் ஓட்டை கண்டுபிடித்த வக்கீலாம். இது பேச்சில் சேருமா?

எதிர்வீட்டுச் சம்பூர்ணம் அத்தை சாயங்காலம் வந்து பயமுறுத்திவிட்டுப் போனாள். “அந்த ஊசி கருப்பா இருக்கும்டி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு ஏத்துனாங்க, படபடன்னு ஆயிடுச்சு.” யார் அந்த ஒருத்தி என்று கேட்டேன். பெயர் தெரியாதாம். அக்கா போகவே மாட்டேன் என்கிறாள். அம்மாவும் தயங்குகிறாள். அப்பாவுக்கு ரத்தம் குறைவு என்பது மட்டும்தான் தெரியும். விபூதி விஷயம் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்பதில் மட்டும் நாங்கள் மூவரும் ஒற்றுமை.

நான் செய்ததை நானேதான் சரிசெய்ய வேண்டும். அந்தக் கருப்பு மருந்து என்ன என்று நாளைக்குள் தெரிந்தாக வேண்டும்.

ஜூலை 26, சனி

காலை முழுக்க மாவட்ட நூலகம். மதியம் முழுக்க அம்மாவின் போன். கண் எரிகிறது, ஆனால் என்ன ஒரு சங்கதி!

இரும்பைத் தனியாக ரத்தத்தில் விட்டால் விஷம். அதனால் அதை மிக மிகச் சிறிய உருண்டையாக்கி, மேலே சர்க்கரையால் போர்த்திவிடுகிறார்கள். அதுதான் நானோ துகள். புழு விட்ட ஒற்றைப் பட்டு இழை இருக்கிறதே, அதன் குறுக்கே இந்த உருண்டைகளை வரிசையாக வைத்தால் ஆயிரம் நிற்கும். அப்பா வாயால் ஊதி ஊதிப் பிரிப்பாரே, அந்த இழை!

உருண்டைகள் ரத்தத்தில் போகும்போது யார் பிடிப்பது? கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பெருவிழுங்கி செல்கள் காத்திருக்கின்றன. உடம்பின் காவல்காரர்கள். கிருமி வந்தால் விழுங்குவது அவர்கள் வேலை. பெரும்பாலும் நானோ துகள் ரத்தத்தில் இறங்கியதுமே அங்கே இருக்கும் புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்ளுமாம். பெருவிழுங்கி அந்த மேலாடையைத் தடவிப் பார்க்கிறது. வெளியாள் என்று தெரிந்தால், அதன் தோலே உள்பக்கமாகக் குழிந்து, துகளைச் சுற்றிப் பையாக மூடிக்கொள்கிறது. சுருக்குப்பை மாதிரி. பைக்குள் அமிலம் வந்து சேர, சர்க்கரை கழன்று இரும்பு மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமக்கும் புரதத்திடம் கொடுத்தனுப்புகிறது. அது மஜ்ஜைக்குப் போனால் ரத்தம்!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வேறு நானோ மருந்து செய்பவர்களுக்கெல்லாம் இந்தப் பெருவிழுங்கிதான் தொல்லை. மருந்து போய்ச் சேரும் முன்பே விழுங்கிவிடுகிறதாம். அதன் கண்ணில் படாமல் இருக்க என்னென்னவோ உறை போடுகிறார்கள். இந்த இரும்பு மட்டும் மாட்டிக்கொள்வதற்கென்றே உள்ளே போகிறது. மாட்டினால்தான் வேலையே நடக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

அக்கா திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்குப்பை, சர்க்கரைப் போர்வை, எல்லாம். இடையில் ஒரு வளையல் அசைந்தது. கேட்கிறாள்!

முடித்ததும் முதுகு பேசியது. “வெளியாளுன்னா முழுங்கிடுமா?”

“ஆமாம்.”

“என் பாப்பா வெளியாளுதானே? பாதி உங்க மாமா ஆளு. அதை மட்டும் ஏன் முழுங்கல? இப்ப இரும்பு போட்டு அதுங்களை எழுப்பி வுட்டா, அடுத்து பாப்பாகிட்ட போவாதா?”

எவ்வளவு நல்ல கேள்வி! பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் ஒரு நொடியில் கேட்டுவிட்டாள். எனக்கு ஒருநாள் முழுக்கத் தோன்றவே இல்லை.

“தெரியாதுக்கா” என்றேன்.

அவள் திரும்பிப் படுத்து என் முகத்தைப் பார்த்தாள், நாலு நாளில் முதல் தடவையாக. “நெஜமாவே உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்குதா?”

“நெறைய இருக்குது. அன்னிக்கு நான் பண்ணது தப்பான்னு கூடத் தெரியல.”

“தப்புதான்” என்றாள். அப்புறம் என் கன்னத்தைக் கிள்ளி, “நல்ல தப்பு. தள்ளிப் படு, வயித்துக்கு எடம் வேணும்.”

குமரன் மாமா பேருந்துக்குக் கிளம்பும்போது, “நாளைக்குப் போறியா வள்ளி?” என்று கேட்டார். “கேள்விக்குப் பதில் வந்தா போறேன்” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

பதில் இல்லாமலே கிளம்பினோம். அங்கேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள். அக்காவே கிரேஸ் சிஸ்டரிடம் கேட்டுவிட்டாள். சிஸ்டர் ஊசிக்கு நரம்பு தேடியபடியே, “பாப்பா சும்மா வந்து குந்திக்கினு இருக்குதுன்னு நெனச்சியா? நஞ்சுக்கொடி நடுவுல நிக்குது. அந்தப் பக்கத்து செல்லுங்க வெளியாளுன்னு அடையாளமே காட்டாது. அம்மா உடம்பும் அந்த எடத்துல அடங்கிப் போவும். முழுசா எப்படின்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கினுதான் இருக்காங்க. தங்கச்சி படிச்சி கண்டுபுடிக்கட்டும்” என்றார். அப்புறம், “கண்ணுக்கே தெரியாத உருண்டையைத் துண்றவன், ஒண்ணரை கிலோ பாப்பாவைப் பாத்தா பயந்து ஓடிடுவான். கையை நீட்டு!”

ஊசி ஏற்கெனவே ஏறியிருந்தது.

மருந்து உண்மையிலேயே கருப்புதான். பால் ஊற்றாத டிக்காஷன் நிறம். முதல் சில நிமிடம் சிஸ்டர் நகரவே இல்லை. படபடப்பு இருக்கிறதா, மூச்சு சரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சம்பூர்ணம் அத்தை சொன்னது நினைவுக்கு வந்து எனக்குத்தான் படபடத்தது. அக்கா என் கையை இறுக்கிக்கொண்டு, “இப்ப எங்க இருக்கும்?” என்று கேட்டாள்.

“இதயம் தாண்டியிருக்கும்.”

“இப்ப?”

“கல்லீரல். மாட்டியிருக்கும்.”

“மாட்டுனுச்சா?” என்று அவள் சிரித்தாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. வாயில் இரும்புச் சுவை என்றாள். பள்ளிக்கு இரண்டு பாட வேளை தாமதம். விலங்கியல் ரேணுகாம்பாள் டீச்சரிடம் காரணத்தைச் சொன்னேன். திட்டுவதற்குப் பதிலாக, பிற்பகல் வகுப்பில் எழுந்து நின்று பெருவிழுங்கி பற்றிச் சொல்லச் சொல்லிவிட்டார்! சுருக்குப்பை என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்றாவது முடிந்தது. அக்கா இப்போது பக்கத்துப் படுக்கைக்காரிக்கு விளக்கம் சொல்கிறாள். “பயப்படாதீங்க, சர்க்கரை போத்தித்தான் அனுப்புறாங்க.” என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஐந்தும் முடிந்தது. உடனே ஏறாது, மூன்று நாலு வாரம் ஆகும் என்றார் சிஸ்டர். உள்ளே ஒருவன் விழுங்கி, இன்னொருவன் சுமந்து, மஜ்ஜையில் போய் நெய்ய வேண்டுமே. புடவைக்கே அப்பாவுக்கு இரண்டு வாரம் ஆகிறது.

விபூதியை அம்மா ஒளித்து வைக்கவில்லை. வைத்தால் அப்பா கேட்பார். அதனால் அக்காவின் மன உறுதிதான். நேற்றுக்கூட அலமாரிப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. விபூதி கோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது. அவளே வந்து, “ஒரு சிட்டிகைதான்” என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

கணிதத் தேர்வு. மோசமில்லை. அக்கா நெல்லிக்காய் கேட்கிறாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாப்பிடும்போது அப்பா பெருமூச்சு விட்டார். “வள்ளிக்கு இன்னாமோ ஆயிடுச்சு. ஒரு வாரமா கோயிலுக்கே வரல. குருக்கள் கேக்குறாரு. வூட்டு விபூதியும் வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது.”

அம்மா மோரில் முகத்தை மறைத்துக்கொண்டாள். அக்கா தட்டையே பார்த்தாள். நான் கை கழுவக்கூட இல்லை; எழுந்து சாமி அலமாரிக்கு ஓடினேன்.

போன வாரம் அப்பா சம்புடத்தை நிரப்பியபோது நான் புதிதாகப் போட்ட கோட்டுக்குக் கீழே ஒரு நூல் அளவுதான் இறங்கியிருக்கிறது. அது அப்பாவின் மூன்று விரல் கணக்கு. அவ்வளவுதான்!

ஆசை போய்விட்டது. அப்படியென்றால் இரும்பு போய்ச் சேர்ந்திருக்கிறதா? பரிசோதனைக்கு இன்னும் பதின்மூன்று நாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை அவசரப்பட்டு டிக் போட்டதே போதும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளை. அக்கா செங்கல்பட்டுக்குப் பையில் எதையெல்லாம் வைப்பது என்று யோசிக்கிறாள். “எதுவும் வெக்காத” என்றேன். “வக்கீலுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். தீக்குச்சியைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என் துண்ணித்தனத்துக்கு அளவுகோல் வெச்ச ஒரே ஆளு நீதான்டி” என்று தலையில் குட்டினாள். வலிக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

10.2!!

கிரேஸ் சிஸ்டர் சீட்டை என்னிடம்தான் முதலில் நீட்டினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இங்கேயே, நம் ஊர் ஆஸ்பத்திரியில். ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. குமரன் மாமாவுக்கு இன்று ஞாயிறாகப் போனதில் கூடுதல் சந்தோஷம்; விடுப்பு கேட்க வேண்டாமே. குழந்தை நல்ல சிவப்பு. அம்மா உடனே யார் ஜாடை என்று ஆரம்பித்துவிட்டாள். 

அப்பா கோயிலிலிருந்து நேராக வந்தார், கையில் பெரிய காகித மடிப்போடு. “உனக்குன்னு சொல்லி நெறைய வாங்கியாந்தேன்மா” என்று நீட்டினார்.

அக்கா அதில் ஒரு துளி எடுத்துக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். விரலில் ஒட்டியிருந்ததைத் தன் நெற்றியில் துடைத்துக்கொண்டாள். பிறகு காகிதத்தை மறுபடியும் மடித்து, “இதை வூட்டுக்கே எடுத்துக்கினு போப்பா. எனக்கு எதுக்கு இவ்ளோ?” என்றாள்.

வெளியே வந்ததும் அப்பா வருத்தமாகச் சொன்னார்: “கொழந்தை பொறந்ததும் இருந்த பக்தியும் போச்சு, பாத்தியா?”

“ஆமாம்பா” என்றேன். சம்புடம் நிரம்பி வழிகிறது. இனி குச்சிக்கு வேலையில்லை. அதைக் கழுவித் துடைத்து, இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.